வரி நம்முடையது, நூலக அட்டையும் நம்முடையது

வீட்டு வரி ரசீது இருந்தால் எடுத்துப் பாருங்கள். ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ மடித்து வைத்திருப்பீர்கள். வீட்டு வரித் தொகைக்குப் பக்கத்தில் நூலக வரி என்று தனியாக ஒரு தொகை இருக்கும். சொத்து வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 பைசா. ஓட்டு வீடானாலும் தொகுப்பு வீடானாலும் இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஊர்த் தெருவுக்கு ஒரு விகிதம், நம் தெருவுக்கு ஒரு விகிதம் என்று கிடையாது. வசூலிக்கும்போது எல்லோரும் சமம்.

கட்டிய காசுக்கு என்ன வாங்கினோம் என்பதுதான் கேள்வி. பொம்மையார்பாளையத்தில் எங்களைச் சுற்றியுள்ள பிள்ளைகளிடம் நூலக அட்டை இருக்கிறதா என்று கேட்டோம். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒன்றிரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் அப்படி ஓர் அட்டை உண்டா என்று திருப்பிக் கேட்டார்கள். பெரியவர்களில் பலர், “அதெல்லாம் படிச்சவங்களுக்கு” என்றார்கள். ஒரு பாட்டி மட்டும், “உள்ள விடுவாங்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

காசு கேட்காத இடம்

நம் பகுதியில் பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. கிழக்கே கடல், மேற்கே ஆரோவில்லின் செம்மண், நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலை. சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தங்கும் விடுதி, காபிக் கடை, இசை நிகழ்ச்சி எல்லாம் உண்டு. ஆனால் அங்கெல்லாம் நாம் பாத்திரம் தேய்க்கவும், துணி வெளுக்கவும், தோட்டம் பார்க்கவும், கட்டடம் எழுப்பவும் போகிறோம். பொழுதைக் கழிக்கப் போவதில்லை. அந்த இடங்களின் விலைப்பட்டியல் நமக்காக எழுதப்பட்டதும் இல்லை.

காசு கேட்காமல் உட்காரவைக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது பொது நூலகம். உள்ளே போய் நாளிதழ் படிக்க, வார இதழ் புரட்ட, புத்தகம் எடுத்து மேசையில் வைத்து வாசிக்க ஒரு பைசா வேண்டாம், அட்டையும் வேண்டாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதற்குத்தான் உறுப்பினர் அட்டை. அதற்கான காப்புத் தொகையையும் ஆண்டுச் சந்தாவையும் சேர்த்தாலும் ஒரு சினிமா டிக்கெட் விலை வராது. எடுத்த புத்தகத்தை இரண்டு வாரம் வரை வைத்திருக்கலாம். பெரும்பாலான கிளை நூலகங்களுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். வாரம் முழுக்கக் கூலிக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய வசதி.

உள்ளே என்ன இருக்கிறது? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தேவையான நூல்களும், குரூப் 4 எழுதுகிறவருக்கு வேண்டிய பொது அறிவு நூல்களும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குப் படக்கதைகள் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வார விழா நடக்கிறது. அதில் பேச்சு, ஓவியம், கட்டுரைப் போட்டிகள் நடத்திப் பரிசு கொடுக்கிறார்கள். மாவட்ட மைய நூலகம் போன்ற பெரிய நூலகங்களில் கணினியும் இணையமும் உண்டு. நூலகங்களைச் சுற்றி வாசகர் வட்டங்கள் இயங்குகின்றன. வயதானவர்களுக்கும் நூலகத்துக்கு வர முடியாதவர்களுக்கும் தன்னார்வலர் மூலம் வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கும் நூலக நண்பர்கள் திட்டமும் இருக்கிறது. சென்னைக்குப் போகும் மாணவர்கள் கோட்டூர்புரத்தில் 2010-ல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், மதுரைக்குப் போகிறவர்கள் 2023-ல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் பார்க்கலாம். குழந்தைகளுக்கென்றும், பார்வையற்றவர்களுக்கென்றும் அங்கே தனிப் பிரிவுகள் இருக்கின்றன.

இவற்றை இலவசம் என்று சொல்ல எங்களுக்கு மனமில்லை. நாம் முன்பே பணம் கட்டிவிட்டோம். 1948-ல் சென்னை மாகாணத்தில் நிறைவேறிய பொது நூலகச் சட்டம்தான் சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பலன் அது. புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதி. மக்களின் வரியில் நூலகம் நடக்க வேண்டும், அப்போதுதான் அது யாருடைய தயவிலும் இல்லாமல் மக்களுடையதாக இருக்கும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படை. ஆகவே நூலகத்துக்குள் நுழைவது சலுகை கேட்பதாகாது. கட்டிய பணத்துக்கான பொருளை வாங்குவதாகும்.

“எந்தத் தெரு?”

இருந்தும் நாம் ஏன் போவதில்லை? தூரம் ஒரு காரணம். மாவட்டத் தலைநகரம் விழுப்புரம் நமக்கு எட்டத்தில் இருக்கிறது. வேலை இன்னொரு காரணம். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று உண்டு.

எங்களில் ஒருவர் பள்ளியில் படித்தபோது ஒரு நூலகத்தில் உறுப்பினராகப் போனார். படிவத்தில் வீட்டு வரி கட்டும் ஒருவர் பிணைக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அப்பாவே போடுவார் என்றார் இவர். “எந்தத் தெரு?” என்று கேட்டார்கள். தெருவின் பெயரைச் சொன்னதும் படிவம் மேசையின் மறுபக்கம் போய்விட்டது. “ஊருக்குள்ள யாராவது தெரிஞ்சவங்க கையெழுத்து வாங்கிட்டு வா” என்றார்கள். யாரும் திட்டவில்லை. யாரும் வெளியே போ என்று சொல்லவில்லை. அந்தப் பையன் திரும்பி வந்தான், பிறகு பல ஆண்டுகள் அந்தப் பக்கம் போகவில்லை. ‘எந்தத் தெரு’ என்ற கேள்விக்கு நம் நாட்டில் என்ன பொருள் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும்.

எல்லா நூலகரும் அப்படி இல்லை. பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்து, புத்தகம் தேடிக் கொடுக்கும் நூலகர்களை நாம் அறிவோம். அவர்களில் பலர் குறைந்த சம்பளத்தில் தனியாளாக நூலகத்தைக் கட்டிக் காக்கிறார்கள். கோளாறு ஒரு தனி மனிதரிடம் மட்டும் இல்லை, இடத்தைத் தேர்வு செய்த விதத்திலேயே இருக்கிறது. கிராமத்து நூலகத்துக்கு அரசு வைத்திருக்கும் பெயர் ஊர்ப்புற நூலகம். நம் மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் அந்தப் பெயர் அப்படியே பொருந்துகிறது. அது ஊரில் இருக்கிறது, சேரியில் இல்லை. கோயில் தெரு வழியாகவோ, பெரியதனக்காரர் வீட்டைத் தாண்டியோ போக வேண்டிய இடத்தில் நூலகத்தைக் கட்டிவிட்டு, ‘அவர்கள் படிக்க வருவதில்லை’ என்று கணக்கு எழுதுவது எளிது. ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நல்ல காரியம். சொல் போவதோடு தூரமும் போக வேண்டும்.

அட்டை கேட்டுப் போனவர்கள்

நூலக அட்டைக்காகக் கைதானவர்களும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் அலெக்சாண்ட்ரியா என்று ஒரு நகரம். அங்கே பொது நூலகம் எல்லோருடைய வரியிலும் நடந்தது, ஆனால் கறுப்பின மக்களுக்கு அட்டை கிடையாது. சாமுவேல் டக்கர் என்ற இளம் கறுப்பின வழக்கறிஞர் 1939 ஆகஸ்ட் 21 அன்று ஐந்து இளைஞர்களை அங்கே அனுப்பினார். நன்றாக உடுத்திக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் போய் அட்டை கேட்டார்கள். மறுத்தார்கள். உடனே ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு தனித்தனி மேசையில் உட்கார்ந்து அமைதியாகப் படிக்கத் தொடங்கினார்கள். போலீஸ் வந்து அவர்களைக் கைது செய்தது. செய்த குற்றம், நூலகத்தில் புத்தகம் படித்தது.

அடுத்து நடந்ததைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நகர நிர்வாகம் 1940-ல் கறுப்பின மக்களுக்கென்று தனியாக ஒரு சிறிய நூலகத்தைக் கட்டி, டக்கருக்கு அதில் அட்டை தர முன்வந்தது. அவர் வாங்க மறுத்துவிட்டார். தனி நூலகத்தின் அட்டை தனக்கு வேண்டாம், பொது நூலகத்தின் அட்டைதான் வேண்டும் என்பது அவர் நிலை. இரட்டைக் குவளையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தனியாகக் கொடுக்கும் குவளையிலும் டீ அதேதான். இருந்தும் ஏன் மறுக்கிறோம்?

இருபது ஆண்டு கழித்து, 1959-ல், தென் கரோலினாவின் லேக் சிட்டியில் ஒன்பது வயது ரொனால்டு மெக்நெயர் நூலகத்துக்குப் போனான். கறுப்பினப் பிள்ளைக்குப் புத்தகம் தர முடியாது என்றார்கள். புத்தகம் இல்லாமல் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். போலீஸும் அவன் அம்மாவும் வந்தார்கள். கடைசியில் புத்தகத்தோடுதான் வீட்டுக்குப் போனான். அந்தப் பையன் பின்னாளில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, 1984-ல் விண்வெளிக்குப் போய்வந்தார். 1986-ல் சேலஞ்சர் விண்கல விபத்தில் உயிரிழந்தார். அவரை வெளியே போகச் சொன்ன அந்த நூலகக் கட்டடத்துக்கு இன்று அவர் பெயர்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு வருவோம். அங்கே ரோமன் ரோலண்ட் நூலகத்தை நம் மாணவர்கள் சிலர் பார்த்திருப்பார்கள். 1827-ல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கியபோது அது ஐரோப்பியர்களுக்கு மட்டும். பத்தாண்டு கழித்து 1837-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்குள் அன்று நம் முன்னோர் இருந்தார்களா என்பது வேறு கேள்வி.

சென்னை மாகாணத்தில் பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவை எல்லோருக்கும் பொது என்ற தீர்மானத்தை 1924-ல் சட்ட மேலவையில் கொண்டுவந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். பம்பாய் மாகாணத்தில் அதற்கு ஓராண்டு முன்பே அப்படி ஒரு தீர்மானம் நிறைவேறியிருந்தது. ஆனால் மகாத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரை நம் மக்கள் அள்ளிக் குடித்தது 1927-ல், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களை அழைத்துக்கொண்டு நடந்து போன பிறகுதான். தீர்மானம் எழுதிய நாளில் குளம் திறக்கவில்லை, மக்கள் இறங்கிய நாளில்தான் திறந்தது. நூலகமும் அப்படித்தான். சட்டப்படி அது நமக்குத் திறந்தே இருக்கிறது. நம் பிள்ளைகளின் செருப்புகள் வாசலில் கிடக்கும்போதுதான் உண்மையில் திறந்ததாகும்.

தேர்வுக்கு மட்டுமா படிப்பு?

நம் வீடுகளில் புத்தகம் என்றாலே தேர்வு, வேலை, சம்பளம். அதில் தவறில்லை. நூறு ஆண்டுகளாக ஏறிக்கொண்டிருக்கும் ஏணி அது. ஆனால் நம் பிள்ளை சிரிப்பதற்காக ஒரு கதை படிக்கக் கூடாதா? கிரிக்கெட் வீரரின் வாழ்க்கையையோ, பேய்க் கதையையோ, கடல்மீன்களைப் பற்றிய படப் புத்தகத்தையோ எடுத்து வந்து திண்ணையில் படுத்துக்கொண்டு படிக்கக் கூடாதா? மற்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இயல்பாகக் கிடைக்கிறது. நம் பிள்ளைகளுக்கு மட்டும் ஒவ்வொரு பக்கமும் பயன் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர்கள் தோளில் இன்னொரு மூட்டையை ஏற்றுவது. அண்ணல் அம்பேத்கர் சட்டமும் பொருளாதாரமும் மட்டும் படித்தவர் அல்ல. பிற்காலத்தில் அவர் வயலின் கற்றுக்கொண்டார். மகிழ்ச்சியும் உரிமைதான்.

ஒரு புத்தகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1907-ல் அம்பேத்கர் மெட்ரிக் தேறியபோது, கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அன்று அது ஒரு பரிசுப் புத்தகம், அவ்வளவுதான். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் தழுவிய வரலாற்றில் அந்தப் புத்தகத்துக்கும் பங்குண்டு. மும்பை தாதரில் அவர் கட்டிய ராஜகிருக வீட்டின் பெரும் பகுதியே புத்தகங்களுக்காகத்தான்.

நம்மைப் பற்றி நாமே எழுதிய நூல்களும் இன்று நூலகத்தில் கேட்டுப் பெறக்கூடியவை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அதில் அவர் எழுதியவை ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என்ற பெயரில் தொகுப்பாக வந்துள்ளன. பூமணியின் ‘பிறகு’, சிவகாமியின் ‘பழையன கழிதலும்’, பாமாவின் ‘கருக்கு’, நம் பக்கத்து விருத்தாசலத்தைச் சேர்ந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆகியவை பல்கலைக்கழகங்களில் பாடமாக இருப்பவை. அண்ணலின் நூல் தொகுதிகள் தமிழில் கிடைக்கின்றன. நம் கிளை நூலகத்து அலமாரியில் இவை இல்லையென்றால் வாங்கித்தரச் சொல்லிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் மறந்துவிடுவார்கள், பத்துப் பேர் எழுதிக் கொடுத்தால் பதிவாகும். கைபேசி வைத்திருக்கும் மாணவர்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களையும் இதழ்களையும் கட்டணமின்றிப் படிக்கலாம். ரீல்ஸ் பார்க்கும் அதே டேட்டாதான்.

நாம் செய்ய வேண்டியதும் கேட்க வேண்டியதும்

முதலில் நம் வேலை. தனியாகப் போனால்தான் ‘எந்தத் தெரு’ என்ற கேள்வி கூசும். ஐந்து பேராகப் போங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருவில் படித்த அண்ணனோ அக்காவோ ஒருவர் பிள்ளைகளை அழைத்துப் போகட்டும். ஆதார் நகல், புகைப்படம், கூடவே அந்த வீட்டு வரி ரசீதையும் எடுத்துக்கொள்ளுங்கள். யாராவது ஊருக்குள் கையெழுத்து வாங்கி வரச் சொன்னால், நூலக வரி கட்டிய ரசீதை மேசையில் வையுங்கள். அப்படியும் படிவத்தை வாங்க மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள், மாவட்ட நூலக அலுவலருக்கு மனுக் கொடுங்கள். 1,000 ரூபாய் கொடுத்து நூலகப் புரவலராகச் சேரும் வசதி இருக்கிறது. அரசு வேலையில் இருக்கும் நம்மவர்கள் தாங்கள் படித்த ஊரின் நூலகத்தில் புரவலராகச் சேர்ந்தால், பலகையில் நம் பெயரும் ஏறும்.

அடுத்து அரசிடம் கேட்க வேண்டியவை. 2006-ல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழகத்தின் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்கள் எழுந்தன. அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன, சில பழைய சாமான் போடும் அறையாகிவிட்டன. நம் ஊராட்சியில் அந்தக் கட்டடம் என்ன நிலையில் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று அடுத்த கிராம சபையில் கேளுங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கூடும் சபை அது. கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் 1931-லேயே கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். மாட்டு வண்டியால் முடிந்தது வேனால் முடியாதா? கடற்கரையோரக் கிராமங்களுக்கும் வானூர் வட்டத்துச் சேரிகளுக்கும் வாரம் ஒரு நாள் நடமாடும் நூலகம் வர வேண்டும்.

கடைசிக் கோரிக்கைதான் முக்கியமானது. புதிதாக நூலகம் கட்டும்போது எங்கே கட்டுவது? ஆதிதிராவிடர் குடியிருப்புகளை மேம்படுத்த 2023-ல் அயோத்திதாசப் பண்டிதர் பெயரில் அரசு ஒரு திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய். அந்தப் பண்டிதர் பெயரில் கழிவுநீர்க் கால்வாயும் சிமெண்ட் சாலையும் வரட்டும், நூலகமும் வரட்டும். வானூரும் திண்டிவனமும் தனித்தொகுதிகள், விழுப்புரம் மக்களவைத் தொகுதியும் தனித்தொகுதி. தொகுதி மேம்பாட்டு நிதியிலும் கட்டலாம்.

ஆனால் அது ‘சேரிக்கு ஒரு நூலகம்’ ஆகிவிடக் கூடாது. டக்கர் மறுத்தது அதைத்தான். நாம் கேட்பது வேறு. கிராமம் முழுவதற்குமான பொது நூலகம் நம் தெருவில் கட்டப்பட வேண்டும். நல்ல கட்டடம், நல்ல மேசை, எல்லா இதழ்களும் அங்கே இருக்கட்டும். ஊர்ப் பிள்ளைகள் படிக்க நம் தெருவுக்கு வரட்டும். இத்தனை காலம் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் தபால் நிலையத்துக்கும் நாம் அங்கே நடந்தோம். இனி அவர்கள் கொஞ்சம் நடக்கட்டும். வரும் பிள்ளைகளை நாம் எந்தத் தெரு என்று கேட்க மாட்டோம்.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. “உள்ள விடுவாங்களா?” என்று கேட்ட பாட்டிக்குப் பேத்தி ஒருத்தி இருக்கிறாள், எட்டாம் வகுப்பு. வரும் ஞாயிற்றுக்கிழமை அவளையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறோம். பாட்டியின் வீட்டு வரி ரசீதும் எங்களோடு வருகிறது.